அத்தியாயம் 4: பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்குங்கள்

லினக்ஸ் போட அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அந்த வாரத்தில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. கணினியை வழக்கம்போல் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் அதைத் திறக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மின்கட்டணம் கட்ட, பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்கு, பழைய கடிதம் ஒன்றைத் தேட, பாட்டுக் கேட்க. எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பழைய மெஷின்களை மாற்றிக் கொடுத்துக் கொடுத்து நான் கண்டது இதுதான்: காரியம் கெட்டுப்போன இடங்களில் மெஷினைக் குறை சொல்ல முடிந்ததே இல்லை. யாரும் கேட்காமல் விட்ட ஏதோ ஒரு கேள்விதான் கெடுத்திருந்தது.

இப்போது பலரும் இதை விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. பதிவு செய்துகொண்டால் இன்னும் ஓராண்டு தள்ளிப்போடலாம், அவ்வளவே. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. 2017க்கு முன்னால் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் அந்த வாசற்படியிலேயே நின்றுவிடும். இத்தனைக்கும் அவற்றின் கீபோர்டு நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும். எடைக்குப் போடும் அளவுக்கு அவை ஒரு பாவமும் செய்யவில்லை.

நம் வீடுகளில் இன்னொரு வகையும் உண்டு. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை. படித்து முடித்த பிள்ளை வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருக்கும். பழையது துணிப்பையோடு பரணில் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், தொடக்க ஆண்டுகளில் வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அது. என் கைக்கு வந்தவற்றில் எதிலும் அது மிச்சமில்லை. முதல் ஃபார்மட்டிலேயே கடைக்காரர் அதைத் துடைத்திருப்பார்.

தாளில் இவை இருந்தால் நிறுத்துங்கள்

ஒரு வாரம் கழித்துத் தாளைப் பாருங்கள். அதில் டேலி இருந்தால் அந்த மெஷினை முழுசாக மாற்றாதீர்கள். பேஜ்மேக்கர், இன்டிசைன், ஃபோட்டோஷாப் இருந்தாலும் அப்படியே. இவை விண்டோஸை நம்பியவை. லினக்ஸில் வைன் என்ற ஏற்பாட்டின் வழியாகச் சிலவற்றை ஓட்ட முடியும் என்று யாராவது சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் நாளைக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய கடைக்காரரை வைத்து அந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது. யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள். டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் அதை இணக்கிக் கொண்டுவருவது புதியவருக்குத் தலைவலி.

பிரின்டரின் பெயரையும் மாடல் எண்ணையும் பார்த்து எழுதுங்கள். ஹெச்பி என்றால் ஹெச்பிலிப் என்ற மென்பொருளே பெரும்பாலான மாடல்களைப் பார்த்துக்கொள்ளும். லேசர்ஜெட் 1020 போன்ற சிலவற்றுக்கு மட்டும் அதோடு ஒரு கூடுதல் பிளகினை இறக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் அதிகம் காணும் கேனான் எல்பிபி 2900 செருகியவுடன் ஓடாது. அதற்குத் தனி டிரைவர் தேடிப் போட வேண்டும். பிரின்ட் எடுப்பதுதான் தொழிலே என்றால், பிரின்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மற்றதை யோசியுங்கள்.

டி டிரைவ் தப்பிக்காது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நான் செய்த தவறு இதில் இருக்கிறது.

நம் ஊரில் கணினி வாங்கினால் கடையிலேயே ஹார்ட் டிஸ்கை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம். சியில் விண்டோஸ், டியில் படங்கள், ஈயில் சினிமா. வைரஸ் வந்தால் சர்வீஸ் செய்பவர் சியை மட்டும் ஃபார்மட் அடிப்பார்; டியில் இருப்பது அப்படியே இருக்கும். இருபது வருடப் பழக்கத்தில் "முக்கியமானதை டியில் போட்டுவிட்டால் பயமில்லை" என்பது வீட்டுக்கு வீடு சட்டமாகிவிட்டது.

லினக்ஸின் நிறுவல் கருவிக்கு இந்தச் சட்டம் தெரியாது. "டிஸ்கை அழித்துவிட்டு நிறுவு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அது டிஸ்க் முழுவதையும் அழிக்கும். சி, டி, ஈ மூன்றும் ஒரே டிஸ்கின் துண்டுகள்தான். என் அத்தை மகன் கொண்டுவந்த லேப்டாப்பில் நான் கேட்ட ஒரே கேள்வி, "பேக்கப் எடுத்துட்டியா?" "எல்லாம் டியிலதான் மாமா இருக்கு" என்றான். அவன் சொன்னது அவனுக்குச் சரி. அது பேக்கப் இல்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். தலை ஆட்டிவிட்டு அழித்தேன். அவன் தங்கையின் வளைகாப்புப் படங்கள் அதில் இருந்தன. மீட்கும் மென்பொருளை ஓட்டிச் சிலவற்றை எடுத்தோம். பாதிப் படங்களின் கீழ்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் நின்றது. இன்றைக்கும் அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் ஆல்பத்தைப் பற்றிய பேச்சு வரும்போது நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஆகவே, பேக்கப் என்றால் வேறொரு பெட்டியில் இருக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரவல் வாங்குங்கள். டி, ஈ முழுவதையும் எடுங்கள். சியில் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் எடுங்கள். டெஸ்க்டாப்பில் வைத்தது சியில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிரவுசரில் சேமித்த புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, ஐந்தாறு ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். நிறுவும்போது அந்த வெளி டிஸ்க் மேசையிலேயே இருக்க வேண்டாம், பீரோவுக்குள் போகட்டும். அவசரத்தில் அதையே அழித்தவர்களும் உண்டு.

பாமினியில் அடித்த தல வரலாறு

தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கலை ஆங்கிலக் கையேடுகள் எதுவும் சொல்லாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்த மூன்றாம் நாள் போன் வந்தது.

"என்னப்பா, நான் அடிச்சு வெச்சிருந்த தல வரலாறு பூரா இங்கிலீஷா மாறிக் கெடக்கு? அர்த்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சார், அது அழியல. ஃபாண்ட்தான் இல்ல. எந்த ஃபாண்ட்ல சார் அடிச்சீங்க?"

"பாமினி. வேற எது?"

பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்ட்கள் யூனிகோடு வருவதற்கு முந்தைய ஏற்பாடு. அவற்றில் ஃபைலுக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துதான். அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவது ஃபாண்டின் வேலை. பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல்லின் போர்வையை எடுத்துவிட்டால் உள்ளே ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. சாருக்குத் தெரிந்தது அதுதான். நூற்றுச் சொச்சம் பக்கம்.

தீர்வு எளிது, முன்கூட்டியே தெரிந்தால். விண்டோஸை அழிக்கும் முன் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து உங்கள் தமிழ் ஃபாண்ட்களை எல்லாம் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள். லினக்ஸ் வந்த பிறகு ஒவ்வொன்றையும் இரட்டைச் சொடுக்கினால் "இன்ஸ்டால்" பொத்தான் வரும். அழுத்தியதும் பழைய கடிதங்கள் தமிழுக்குத் திரும்பிவிடும். நெடுநாளைக்கு வைத்திருக்க வேண்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது; தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றுவிட்டது. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு கொம்புகளையும் கால்களையும் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

தட்டச்சுக்கும் ஒரு சொல். என்ஹெச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை ஆகியவற்றை விண்டோஸில் பழகியவர்கள் லினக்ஸில் அவற்றைத் தேடுவார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது ஐபஸ். அதோடு எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, தட்டச்சுப் பொறி முறை, ஒலிப்பு முறை எல்லாம் கிடைக்கும். வெறும் கீபோர்டு அமைப்பில் "தமிழ்நெட் 99" என்று ஒன்று கண்ணில் படும். அதை நம்பிப் போகாதீர்கள், உயிர்மெய் சேர்வதில் இடறும்.

எந்தப் பெட்டிக்கு எது

விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் இரண்டு விவரங்கள் கிடைக்கும். ஒன்று, ரேம் எத்தனை ஜிபி. இன்னொன்று, பிராசசர் 64 பிட்டா, 32 பிட்டா. இங்கே ஒரு நுணுக்கம்: 64 பிட் பிராசசரில் 32 பிட் விண்டோஸ் போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பிராசசரைப் பற்றிய சொல். "எக்ஸ்64" என்று இருந்தால் கவலையில்லை.

4 ஜிபியும் அதற்கு மேலும் இருந்தால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். எதைப் போடுவது என்று இணையத்தில் கேட்டால் பத்துப் பேர் பதினொரு பெயர் சொல்வார்கள். அத்தனை பெயரும் 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய அதே கெர்னலின்மேல் நிற்பவைதான். விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு மின்டில் ஸ்டார்ட் மெனு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், அது எனக்குப் போதும். 22ஆம் வரிசை மின்டுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. அதில் சின்னமன் பார்க்க அழகு, எக்ஸ்எஃப்சிஇ லேசானது. பழைய பெட்டிக்கு நான் எக்ஸ்எஃப்சிஇதான் போடுகிறேன். 2 ஜிபி இருந்தாலும் அது நிற்கும். 32 பிட் நெட்புக் என்றால் ஆன்டிஎக்ஸ் அல்லது டெபியன் 12. டெபியன் 13இல் 32 பிட் நிறுவல் இல்லை என்பதால் எண்ணைப் பார்த்து இறக்குங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். லினக்ஸ் லேசு, பிரவுசர் கனம். 2 ஜிபி ரேமில் மின்ட் சுகமாக எழுந்து நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் ஐந்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். யூடியூப் எல்லா இயங்குதளத்திலும் அதே யூடியூப்தான். பழைய லேப்டாப்புக்கு உயிர் தர நினைத்தால் லினக்ஸோடு ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் வாங்குங்கள். 240 ஜிபி போதும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் நிமிடக்கணக்கில் காத்திருந்தவர்கள், எஸ்எஸ்டி மாற்றியதும் பட்டனை அழுத்திவிட்டு நகர நேரமில்லை என்பார்கள். பழைய டிஸ்கைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டால் அதுவே இன்னொரு பேக்கப். ரேம் சேர்ப்பதானால் டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒன்றல்ல. கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பென் டிரைவில் ஒரு வெள்ளோட்டம்

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளது எல்லாம் அழியும். நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி. அதை ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் வழியாகப் பென் டிரைவில் எழுத வேண்டும். காப்பி பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. எழுதும் முன் செவன்-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் வலது சொடுக்கு செய்து எஸ்ஹெச்ஏ-256 எண்ணைப் பார்த்து, தளத்தில் தந்திருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் ஒத்துப்போனால் சரி. நெட் இடையில் அறுந்து அரைகுறையாக இறங்கிய ஃபைலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

பழைய லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்தியதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 வழியாக பயாஸுக்குள் போய் அந்த வசதியைத் திறந்துவிட வேண்டியிருக்கும். பட்டியலில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுத்தால் சற்று நேரத்தில் மின்ட் திரை வந்துவிடும்.

இன்னும் எதையும் நிறுவவில்லை. பென் டிரைவிலிருந்தே ஓடுகிறது; ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கிறது. இதுதான் லினக்ஸ் தரும் பெரிய சலுகை, இதை வீணாக்காதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா முகம் காட்டுகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா, பிரின்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். வேகத்தை மட்டும் இப்போது எடைபோடாதீர்கள், பென் டிரைவ் மெதுவாகத்தான் இருக்கும். பிராட்காம் வைஃபை உள்ள லேப்டாப்களில் நெட் வராமல் போகலாம். அப்போது போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங்கை இயக்குங்கள். கேபிள் வழியாக நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜர் உரிய டிரைவரைத் தானே தேடிக் கொடுக்கும்.

தேதியையும் பாருங்கள். பல வருடம் பரணில் கிடந்த பெட்டியில் மதர்போர்டின் பேட்டரி தீர்ந்து, காலண்டர் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1இல் நிற்கும். தேதி தவறினால் பிரவுசர் எந்தத் தளத்தையும் "பாதுகாப்பில்லை" என்று திறக்க மறுக்கும். லினக்ஸ் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பிலும் பல லேப்டாப்பிலும் அது சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரி. வாட்ச் கடையில் கிடைக்கும்.

அந்த அரை மணி நேரம்

எல்லாம் சரியென்றால் திரையில் உள்ள "இன்ஸ்டால்" படத்தைச் சொடுக்குங்கள். மொழியாகத் தமிழையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மெனுவில் வரும் கலைச்சொற்கள் பழகாத வீட்டில், போனில் உதவி சொல்லும் பிள்ளைக்கும் கேட்கும் அப்பாவுக்கும் சண்டை வரும். நான் மெனுவை ஆங்கிலத்தில் விட்டு, தட்டச்சை மட்டும் தமிழாக்கித் தருகிறேன். மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள். நேர மண்டலத்தில் சென்னையைத் தேட வேண்டாம், இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான்.

நடுவில் வருவதுதான் முக்கியமான திரை. விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடவா, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடவா, நீயே பிரித்துக்கொள்கிறாயா என்று கேட்கும். டேலிக்காரர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து, முழுமையாக அணைத்துவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் அது பாதி உறக்கத்தில் டிஸ்கைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டும் இருக்கும் பெட்டியில் விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை மதர்போர்டில் எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. பேய் பிசாசு இல்லை. மின்டில் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு நிமிடம் எழுந்து, பீரோவில் அந்த டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து அழுத்துங்கள்.

பிறகு பெயர், பாஸ்வேர்டு. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள். மென்பொருள் நிறுவ ஒவ்வொரு முறையும் கேட்கும். முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லும். உள்ளே போனதும் முதல் வேலை அப்டேட் மேனேஜர், இரண்டாவது டைம்ஷிஃப்ட். பின்னால் ஏதாவது கெட்டால் டைம்ஷிஃப்ட் நேற்றைய நிலைக்குத் திருப்பித் தரும். அது காப்பது சிஸ்டத்தை மட்டுமே, உங்கள் படங்களை அல்ல. லிப்ரே ஆபிஸில் சேமிக்கும் வகையை வேர்டு ஃபைலாக மாற்றி வைத்துவிடுங்கள், மின்னஞ்சலில் பெறுகிறவர் தடுமாற மாட்டார்.

மாற்றிக் கொடுத்த முதல் வாரத்தில் உங்களுக்குத் தினம் ஒரு போன் வரும். "வால்யூம் எங்க இருக்கு", "அந்த ஈ மாதிரி இருக்கிற இன்டர்நெட் எங்க போச்சு". எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். எங்கள் தலைமையாசிரியர் முதல் வாரம் ஒன்பது முறை கூப்பிட்டார். இப்போது கூப்பிடுவதில்லை, தல வரலாற்றின் இரண்டாம் பாகத்தைத் தமிழ்99இல் அடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பென் டிரைவை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒரு துண்டுத் தாளில் "மின்ட்" என்று எழுதி ஒட்டி வையுங்கள். இந்த லேப்டாப் என்றாவது எழாமல் போனால் உள்ளே இருப்பதை எடுக்க அதுதான் சாவி. பக்கத்து வீட்டுப் பரணில் இருப்பதை இறக்கும்போதும் அதே பென் டிரைவ் போதும்.